புதுப்பிப்பு: கழிமுகத்தில் கொடுவா மீன், வழிகாட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கடலூர், புதுச்சேரி பக்கம் ஃப்ளை ஃபிஷிங் (இறகு, நூல் கட்டிய போலி இரையான ஃப்ளையை வீசி மீன் பிடிப்பது) போவது பற்றிய முந்தைய பதிவில் எந்த மாதம், என்ன ராடு (தூண்டில் கம்பு) என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மழையில் பெண்ணையாறும் கெடிலமும் கலங்கி ஓடும், ஃப்ளை மீன் கண்ணில் படாது. பிப்ரவரி, மார்ச் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால், வனத்துறை அனுமதி யார் வாங்குவது என்பதை முதலிலேயே கேளுங்கள். "பாத்துக்கலாம் சார்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

9 அடி, 8 வெயிட் ராடு போதும்; வெயிட் என்பது அதற்கேற்ற லைனின் எடை எண். லைன் (ஃப்ளையைக் கொண்டுபோகும் தடித்த வீச்சு நூல்) வெப்பமண்டல வகையாக இருக்கட்டும்; குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் தளர்ந்து கைடில் (ராடில் லைன் ஓடும் வளையம்) ஒட்டும், எறிதூரம் குறையும்.

மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் லீடரில்தான் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பு). கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி. லீடர் நுனியில் 40 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு ஒன்றரை அடி கட்டுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த நரம்பை நகத்தால் நீவிப் பாருங்கள்; சொரசொரப்பு தட்டினால் வெட்டிப் புதிதாகக் கட்டிவிடுங்கள்.

படகின் போட்டோவும் கேட்டு வாங்குங்கள். முன்தளத்தில் ஆணி, கயிறு, வலை கிடந்தால் வீசுவதற்காக உருவிப் போட்ட லைன் சிக்கும். ஈரச் சாக்கு விரித்தால் சரியாகும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் வீச வேண்டும்.

விடியலில் இறங்குங்கள், மதியம் கடற்காற்று ஏறிவிடும். வற்றம் (கடல் நீர் இறங்கும் நேரம்) எத்தனை மணிக்கு என்று வழிகாட்டியைக் கேளுங்கள். ஓடை வாயில் நீர் வடியும்போதுதான் கொடுவா இரைக்குக் காத்து நிற்கும்.