பீடியை விட்ட பிறகும் வீட்டு வாசனை இழுப்பது ஏன்?

குடியாத்தம் மகள்:
அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாகப் பீடி புகைத்த என் அப்பா, கடந்த தை மாதம் அதை விட்டார். காட்பாடியில் அக்கா வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதமும் அந்த நினைப்பே வரவில்லை என்றார். ஒரு மாலை வீடு திரும்பியபோது, திண்ணையில் அம்மா முறத்தை மடியில் வைத்து, சுற்றிய பீடிகளைக் கட்டுக் கட்டாக எண்ணிக்கொண்டிருந்தார். புகையிலைத் தூளின் நெடி பட்டதும் அப்பாவுக்குக் கை நடுங்கியது. உறவினர்கள் மன உறுதி போதாது என்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. மருத்துவ ஆய்வு இதை எவ்வாறு விளக்குகிறது?

பாகாயம் வாசகர்:
உங்கள் தந்தையார்மீது குற்றமில்லை, சகோதரி. அமெரிக்காவின் லெக்சிங்டனில் பணியாற்றிய மருத்துவர் ஆபிரகாம் விக்லர், போதைமருந்தை விட்டுப் பல மாதங்கள் ஆன நோயாளிகள் கூடி அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே கண்ணில் நீர் வடிய, கொட்டாவி விடுவதைக் கவனித்து, பழக்கத்தோடு பிணைந்த சூழலே உடலைத் தூண்டுகிறது என்று 1948இல் எழுதினார். வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோதும், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் அவர்களுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரே மீண்டும் அடிமையாகியிருந்தனர். இடம் மாறியது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. காட்பாடியில் உங்கள் தந்தையாருக்கு நேர்ந்ததும் இதற்கு நெருக்கமானதே.

ஆற்காடு ஆசிரியர்:
இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நாளொன்றுக்கு நாற்பது சிகரெட்டுக்கு மேல் புகைத்த ஒருவர், பக்கவாதத்துக்குப் பின், புகைக்கும் உந்துதலைத் தம் உடலே மறந்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, மூளையில் காயமுற்ற 69 புகைப்பழக்கத்தினரை ஆராய்ந்தவர்கள், இன்சுலா என்னும் பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த ஏக்கம் எளிதில் அற்றுப்போவதை 2007இல் வெளியிட்டார்கள். நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டதால் கிடைத்த கண்டுபிடிப்பு இது. ஆகவே அவரைத் தூண்டுவது எது என்று தந்தையாரிடமே கேளுங்கள். நாமாக ஊகிக்க வேண்டாம்.

பாகாயம் வாசகர்:
ஆம். மருத்துவமனையில் புகைக்க விடாமல் பீடியைத் திரும்பத் திரும்பக் காட்டி ஏக்கத்தைத் தணித்தாலும், வீட்டில் அது மீளக்கூடும். பழைய பிணைப்பு அழிவதில்லை என்றே விலங்கு ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆகவே வீட்டில் எதை மாற்ற முடியும் என்று பாருங்கள். அதற்காக அம்மாவின் பிழைப்பை நிறுத்தச் சொல்வது நியாயமாகாது.

குடியாத்தம் மகள்:
கேட்டேன். இலையும் தூளும் தம்மை ஒன்றும் செய்வதில்லை என்கிறார். மாலையில் அம்மா கட்டுகளை எண்ணத் தொடங்கும் வேளையில்தான், நாள்தோறும் அதிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைப்பாராம். இன்று முதல் அம்மா எண்ணும் வேலையைப் பக்கத்து வீட்டு அத்தையின் திண்ணைக்கு மாற்றிக்கொண்டுள்ளார்.