ஆனி, ஆடிச் சாரலில் நிலக்காட்சி எடுப்பது எப்படி?

வடசேரிக்காரன்:
நாகர்கோவிலில் இருக்கிறேன். கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ்தான் கையில். இந்த மழைக்காலத்தில் நம்ம மாவட்டத்து மலையும் வயலும் கடலும் எடுக்க ஆசை. ஆனால் வானம் பத்து நிமிடம் ஒரே மாதிரி நிற்பதில்லை. மூடியிருந்தால் படம் சாம்பலாக, உயிரில்லாமல் வருகிறது, திடீரென்று வெயில் அடித்தால் மேகம் வெளுத்துப்போகிறது. எங்கே, எந்த நேரத்தில் நிற்பது? முட்டம் கடற்கரைக்குப் போகலாமா?

தோவாளைப் பக்கம்:
தம்பி, மழைக்குள்ளே போய் நிற்காதீர்கள், மழையின் ஓரத்தில் நில்லுங்கள். தென்மேற்குப் பருவத்தில் மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும்போது கிழக்கே ஆரல்வாய்மொழியில் பெரும்பாலும் காற்று மட்டும்தான், வெயிலும் வந்து வந்து போகும். மேகம் மேற்கிலிருந்து வருகிறது, காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் கிழக்கில் இருக்கிறது, அதனால் கருத்த மேகத்துக்கு முன்னால் முப்பந்தல் காற்றாலைகளும் கன்னிப்பூ (முதல் போகம்) நெல்வயலும் பளிச்சென்று நிற்கும். வானவில் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையில்தான் விழும், சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் காலையில் மேற்கே பாருங்கள். ஐப்பசியில் இது தலைகீழ்: மதியத்துக்கு மேல் இடி, மழை, அது தோர்ந்ததும் மாலை வெயில் மேற்கிலிருந்து அடிக்கும், அப்போது கிழக்கே திரும்ப வேண்டும்.

இடத்தை முடிவு செய்துவிட்டு அங்கேயே காத்திருப்பதுதான் முக்கியம் என்பேன். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே பைக்கில் துரத்திப் போனால், போய்ச் சேருவதற்குள் அது நகர்ந்திருக்கும்.

மழைக்கேமரா:
வெளுத்துப்போவதற்கு வழி சொல்கிறேன். ரா ஃபார்மேட்டில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக்கோப்பு) எடுங்கள். அப்பர்ச்சர் மோடு (லென்ஸ் திறப்பை நாமே வைப்பது), திறப்பு எஃப் 8, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் மைனஸ் 1, அதாவது படத்தை ஒரு படி இருட்டாக்குவது. நிழல் இருட்டாக விழுந்தாலும் பரவாயில்லை, அதைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்த மேகத்தை எதைக்கொண்டும் மீட்க முடியாது. ஒளி மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராமை (படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்) பாருங்கள். காற்றில் நெல் ஆடும், ஷட்டர் வேகம் 1/250 விநாடியைவிட மெதுவாகிவிடாமல் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள். டிரைபாட் என்றால் நடுக்கம்பியை உயர்த்தாமல், கால்களை அகல விரித்துத் தாழ்வாக வையுங்கள். அப்புறம், மூடின வானத்தைப் படத்தில் பாதிக்குச் சேர்க்காதீர்கள், சாம்பல் அங்கிருந்துதான் வருகிறது. மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள், ஈரப் பச்சைக்கும் அந்தத் தூண்களுக்கும் மூடின வானத்தின் மெல்லிய வெளிச்சம்தான் பொருத்தம்.

குளச்சல் கரை:
முட்டம் போகலாம், ஆனால் பாறைக்கு இறங்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கலங்கரை விளக்கத்துப் பக்கம் மேட்டில் நின்றே எடுங்கள், அலை மோதுவது அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். மழையும் காற்றும் இல்லாத நாளிலும் கடல் ஏறி வரும், அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். தெற்கே எங்கோ தொலைவில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை இங்கே வந்து ஏறுவது அது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அப்படித்தான் இழந்தோம். கிளம்பும் முன் இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) எச்சரிக்கையைப் பாருங்கள். ஒக்கிப் புயல் வந்த 2017-க்குப் பிறகு எங்கள் ஊரில் வானிலைச் செய்தி கேட்காமல் யாரும் கடலைப் பார்த்துத் திரும்புவதில்லை. இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதீர்கள்.

வடசேரிக்காரன்:
நன்றி அண்ணன்மாரே. ஞாயிறு காலை ஆரல்வாய்மொழி. முட்டத்தில் உப்புச்சாரல் லென்ஸில் படுமே, அதற்கு என்ன செய்வது?

குளச்சல் கரை:
லென்ஸுக்கு முன்னால் ஒரு யுவி ஃபில்ட்டர் (லென்ஸைக் காக்கும் கண்ணாடி), ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு). உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு மைக்ரோஃபைபர். நாலைந்து துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு போதாது. லென்ஸ் மாற்றுவதை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.