விங் டிப் மாற்றினேன், விமானம் இடப்பக்கம் சாய்ந்தது

வீட்டிலேயே கட்டிய விமானம் வைத்திருப்பவர்களே, ஏதாவது பாகத்தை மாற்றிவிட்டு மேலே போனதும் "இது நம்ம விமானம்தானா?" என்று முழித்ததுண்டா? முதலில் என் கதை.

என்னுடையது ஆர்வி-7ஏ, இரண்டு சீட் உள்ள கிட் விமானம். இன்னொருவர் கட்டியதை வாங்கி டெக்சாஸில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இந்த வகை விமானத்தில் யார் வேண்டுமானாலும் ஸ்பேனர் பிடிக்கலாம். வருடச் சோதனைக்குத்தான் சான்றிதழ் உள்ள கட்டுநரோ ஏ அண்ட் பி (விமான உடல், இன்ஜின் இரண்டுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக்கோ கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தைரியத்தில் இறங்கினேன். ஹேங்கர் (விமானக் கொட்டகை) கதவில் இடித்து வலது விங் டிப், அதாவது இறக்கையின் நுனி மூடி, பிளந்திருந்தது. புது ஃபைபர் டிப் மாட்டினேன். எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் தட்டு. கையோடு, அதை ஆட்டும் தண்டின் முனையில் லொடலொடத்துக்கொண்டிருந்த மூட்டையும் (ராட் எண்ட்) மாற்றினேன். அதை மாற்றினால் தண்டின் நீளம் மாறும், மறுபடி நேர் பார்க்க வேண்டும். கண்ணெதிரே பளபளவென்று புது டிப் இருக்கும்போது வேறென்ன வேண்டும்? அதன் பின்விளிம்புக்கு நேராக எய்லரானை நிறுத்தினேன். இப்போது அதற்கு உட்பக்கம் இருக்கும் ஃபிளாப் (தரையிறங்கும்போது தாழ்த்தும் தட்டு) தூக்கிக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்தது. அதன் தண்டையும் இரண்டு சுற்று நீட்டி இறக்கிவிட்டேன். மூன்றும் ஒரே கோட்டில், பார்க்க அவ்வளவு அழகு!

மேலே போய் ஸ்டிக்கிலிருந்து (விமானத்தைச் சாய்க்கும் கைப்பிடி) கையை எடுத்தேன். இடது இறக்கை மெல்லச் சரிந்தது. தனியாகப் பறந்தால் நம் எடை முழுக்க இடது சீட்டில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடது டாங்க் பெட்ரோலை அதிகம் எரித்துப் பார்த்தேன். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் மீட்டரின் பந்து நடுவில்தான் இருந்தது. சாய்வு போகவில்லை.

அப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். எய்லரான் தண்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகிக்கொண்டே மூன்று நாள் பறந்தேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டிக் நிற்கும் இடம் மாறியது, இறக்கை மட்டும் அதேபோலச் சரிந்தது. பக்கத்து ஹேங்கரில் இருக்கும் வயதான மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது இதுதான். இரண்டு எய்லரானும் தராசுத் தட்டு மாதிரி. ஒன்றோடொன்று கட்டியிருப்பதால், கையை விட்டதும் காற்று அவற்றைத் தானே சமன் பண்ணிவிடும். தண்டைத் திருகினால் ஸ்டிக் ஒரு பக்கம் சாயும், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் ஏறும், இறங்கும். கனத்த இறக்கை அதனால் குணமாகாது. ஃபிளாப் அப்படியில்லை, வைத்த இடத்திலேயே நிற்கும். வலது ஃபிளாப் கொஞ்சம் இறங்கியிருந்தாலே அந்த இறக்கை தூக்கும், இடது சரியும்.

பெல்கிராங்கில் (தண்டின் தள்ளலைத் திசை திருப்பும் நெம்புகோல்) ஜிக்கை, அதாவது அளவு அச்சை, பொருத்தி, அதை வைத்து எய்லரான் நடுநிலையைப் பிடித்தார். டிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் புது டிப் 4 மி.மீ. கீழே தொங்கியிருக்கிறது. டிப்தான் எய்லரானைப் பார்த்துப் பொருந்த வேண்டும், நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன். ஃபிளாப்பை முழுசாக மேலே ஏற்றித் தண்டைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தோம். கால் அங்குல நுண்திரெட்டில் ஒரு சுற்றுக்கு 0.9 மி.மீ.தான், ஆனால் பின்விளிம்புக்குப் போகும்போது அது பெருகிவிடும். மறுநாள் கையை விட்டுப் பறந்தேன்.

முதல் பதில்: ஃபிளாப்பும் சரி, பந்தும் சரி, ஆனாலும் சரிகிறதே என்பவர்களுக்கு என் அனுபவம். புது எய்லரான் ஒன்று கட்டி மாட்டியதும் எனக்கு வலது இறக்கை கனத்தது. பின்விளிம்பு மடிப்பின் உருண்டை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவில்லை. இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து, லேசான இறக்கையின் எய்லரான் விளிம்பை, அதாவது இடது பக்கத்தை, அழுத்த வேண்டும். கனத்த பக்கத்தை அல்ல! ஒரு அழுத்து, ஒரு பறப்பு. அவசரப்பட்டு நசுக்கிவிட்டால் திரும்ப உப்ப வைப்பது பெரும்பாடு.

இரண்டாவது பதில்: நான் ஒண்டாரியோவிலை இருக்கிறன். என்ர கதை வேறை. கேபிளிலை ஓடுற பழைய ஹைவிங், இறக்கை மேலை இருக்கிற விமானம். எய்லரான் கேபிள் தேஞ்சு போச்செண்டு புதுசு போட்டன். ஸ்டிக்கை ஆட்டினன், ரெண்டு பக்கமும் வடிவா ஆடுது. கனடாவிலை கொன்ட்றோலைக் கழட்டிப் பூட்டினா ரெண்டாவது ஆளும் பாக்கோணும். நண்பர் வந்து ஸ்டிக்கைப் பிடிச்சு, "அண்ணை, பெருவிரலை நிமித்தி இடப்பக்கம் சரியுங்கோ, விரல் காட்டுற பக்கத்து எய்லரான் மேலை போகுதோ?" எண்டார். போகேல்லை. கீழை போச்சு. ஆடுதோ எண்டு பாத்தனான், எந்தப் பக்கம் ஆடுது எண்டு பாக்கேல்லை. அண்டைக்கு ரா முழுக்க நித்திரை வரேல்லை. 2018 நவம்பரிலை போர்த்துக்கலிலை பராமரிப்பு முடிஞ்சு கிளம்பின ஏர் அஸ்தானா எம்ப்ரேயர் 190 ஒண்டுக்கும் எய்லரான் கேபிள் மாறித்தான் பூட்டியிருந்தது. விமானிகள் படாதபாடு பட்டு பேஜாவிலை இறக்கிச்சினம். என்னட்டை அந்தத் திறமை இல்லை.

மூன்றாவது பதில்: என்னுடையது சின்னது. டயர் மாற்றிவிட்டு வீல் பேன்ட்டை (சக்கரத்தின் மேலுறை) திரும்ப மாட்டினேன், பந்து அரைப் பந்து நகர்ந்துவிட்டது. ரட்டரை (வால் சுக்கான்) சந்தேகப்பட்டு அதிலுள்ள டிரிம் டேப் என்ற சின்னத் தகட்டை வளைக்கப் போனேன். மனைவிதான் முன்னால் நின்று பார்த்து, "ஒரு செருப்பு கோணலா இருக்கே" என்றாள்.

மறுபடியும் முதலில் எழுதிய நான். ராட் எண்ட் கழன்றால் என்னாகும் என்று கேட்டவருக்கு: ராட் எண்டை மறுபடி மாட்டும்போது வெளிப்பக்கம் அகலமான வாஷர் போட்டேன். பேரிங் கழன்றாலும் தண்டு போல்ட்டை விட்டுப் போகாது. ராட் எண்ட் திருகிக்கொள்ளாமல் பிடிக்கும் ஜாம் நட்டை இறுக்கி, நகர்ந்தால் தெரிய ஆரஞ்சுக் கோடும் வரைந்தாயிற்று. அந்த டிப்பை மட்டும் இன்னும் சரிசெய்யவில்லை, பெயிண்ட் செலவை நினைத்தால் மனசு வரவில்லை. ஹேங்கருக்கு வருகிறவர்கள் எல்லாரும் நேராக அங்கேதான் போய் நின்று, "எய்லரான் கொஞ்சம் தூக்கியிருக்கே?" என்கிறார்கள்.