கூகுள் மேப்ஸை இழுக்க வைத்தது அஜாக்ஸா? சுத்தப் பொய்

நிரலாண்டி:
பக்கத்து இழையில் வலைமாறன் உதிர்த்த முத்து: "2005-ல் அஜாக்ஸ் வந்ததால்தான் வரைபடத்தை மவுஸால் பிடித்து இழுக்க முடிந்தது." இதற்குப் பதினேழு லைக் வேறு. அஜாக்ஸ் என்றால் பக்கத்தை மறுபடி லோட் செய்யாமல் பின்னணியில் சர்வரிடம் தரவு வாங்கும் முறை; அதற்கான பிரவுசர் கருவிதான் எக்ஸ்ஹெச்ஆர் (எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்).

மேப்க்வெஸ்ட் என்ற பழைய வரைபடத் தளத்தில் அம்புக்குறியைத் தட்டினால் பக்கம் மொத்தமும் மறுபடி லோட் ஆகும், அது சரி. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்து அந்தப் பழக்கத்தை ஒழித்தது, அதுவும் சரி. ஆனால் இழுப்பதற்கும் எக்ஸ்ஹெச்ஆருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரு டிவ் (பக்கத்தில் ஒரு பெட்டி), அதற்குள் சதுர சதுரமாக இமேஜ் டேக்குகள் (படம் காட்டும் ஹெச்டிஎம்எல் குறிகள்); ஒவ்வொன்றிலும் வரைபடத்தின் ஒரு துண்டு, அதுதான் டைல். மவுஸ் நகர்ந்தால் டிவ்வின் லெஃப்ட், டாப் மாறும். இடப்பக்கம் வெளியே போன டைலைத் தூக்கி வலப்பக்கம் வைத்து, எஸ்ஆர்சி-யை (படத்தின் முகவரியை) மாற்றினால் வேலை முடிந்தது. இழுப்பது இமேஜ் டேக்.

வலைமாறன்:
வந்துட்டாருய்யா நக்கீரர்! அஜாக்ஸ் என்று பெயர் வைத்ததே ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட். 2005 பிப்ரவரி 18-ல் அவர் எழுதிய கட்டுரையில் காட்டிய உதாரணங்களில் கூகுள் சஜஸ்ட்டும் (தட்டச்சுச் செய்யும்போதே தேடுசொல் பரிந்துரைப்பது) உண்டு, கூகுள் மேப்ஸும் உண்டு. அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

நிரலாண்டி:
பெயர் வைத்தவர் சொன்னால் இமேஜ் டேக் எக்ஸ்ஹெச்ஆர் ஆகிவிடுமா? டைல்கள் வந்தது எம்டி0, எம்டி1 என்ற தனித்தனி சப்டொமைன்களிலிருந்து. அப்போதைய ஐஈ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) ஒரு ஹோஸ்ட்டுக்கு (சர்வர் பெயருக்கு) ஒரே நேரத்தில் இரண்டு கனெக்ஷன்தான் திறக்கும், அதனால் ஹோஸ்ட்டைப் பிரித்தார்கள். அன்றைய எக்ஸ்ஹெச்ஆரோ பக்கம் வந்த ஹோஸ்ட்டைத் தாண்டி வேறு ஹோஸ்ட்டைத் தொடவே தொடாது. அதை அனுமதிக்கும் கார்ஸ் எல்லாம் பிறகு வந்த கதை. இமேஜ் டேக்குக்கு அந்தத் தடை கிடையாது. இப்போது சொல்லுங்கள், டைலைக் கொண்டுவந்தது யார்?

பழஞ்சோறு:
ரெண்டு பேரும் 2005, 2005-ன்னு அடிச்சுக்கறீங்க. எக்ஸ்ஹெச்ஆர் 1999-லயே ஐஈ 5-ல ஆக்டிவ்எக்ஸா (மைக்ரோசாஃப்ட்டோட பிரவுசர் நீட்சி) வந்தாச்சு, பிரவுசர்ல மெயில் பாக்கற அவுட்லுக் வெப் ஆக்சஸ்க்காக மைக்ரோசாஃப்ட் செஞ்சது. அவங்களைப் பத்திப் பேச இங்க எவனுக்கும் வாய் வராது.

வலைமாறன்:
பழஞ்சோறு அண்ணே, உங்க மைக்ரோசாஃப்ட் பக்தி ஊருக்கே தெரியும், விடுங்க. நிரலாண்டி சாருக்கு: டைல் மட்டும் இருந்தால் அது வெறும் படம். தேடியதும் முடிவுகள் பக்கம் மாறாமல் ஓரத்தில் வந்து நின்றதே, அதுதான் ஜனங்களின் பழக்கத்தை மாற்றியது. அது அஜாக்ஸ்தானே?

நிரலாண்டி:
அதுவும் இல்லை. தேடல் போனது ஒளித்து வைத்த ஐஃப்ரேம் (பக்கத்துக்குள் இன்னொரு பக்கம்) வழியாக. ஐஃப்ரேமின் முகவரி மாறினால் பிரவுசர் ஹிஸ்டரியில் ஒரு பதிவு விழும், பேக் பட்டன் வேலை செய்யும். எக்ஸ்ஹெச்ஆரில் விழாது. அதனால்தான் 2005-க்குப் பிறகு வந்த பாதி தளங்களில் பேக் அழுத்தினால் ஆள் தளத்தைவிட்டே வெளியே போய் விழுந்தார். அப்புறம் முகவரியில் ஹேஷ் (#) போட்டு ஒப்பேற்றினார்கள், அப்புறம் ஹிஸ்டரியில் பதிவு சேர்க்கும் புஷ்ஸ்டேட்.

சஜஸ்ட் உண்மையில் எக்ஸ்ஹெச்ஆர்தான். அதையும் நம்மவர்கள் ஒழுங்காகக் காப்பியடிக்கவில்லை. ஒவ்வொரு கீ அழுத்தத்துக்கும் ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி சர்வரைக் கொன்றார்கள். 200, 300 மில்லிசெகண்ட் பொறுத்து அனுப்ப வேண்டும். பழைய பதில் பிந்தி வந்து புதியதன் மேல் ஏறிக்கொள்ளும். வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணைத் தவிர மற்றதைத் தூக்கிப் போட வேண்டும். கெட் ரிக்வெஸ்ட் (தரவை முகவரியிலேயே அனுப்புவது) என்றால் ஐஈ கேஷில் சேர்த்து வைத்த பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும், சர்வரில் நோ-கேஷ் ஹெடர் போட வேண்டும். ஆனால் வரைபடத்தை இழுப்பது இமேஜ் டேக்.

எழுத்தாணி:
தமிழ்த் தளங்களில் எக்ஸ்ஹெச்ஆர் பட்ட பாட்டை யாரும் சொல்லவில்லையே. கேரக்டர் செட் (எழுத்துக் குறியாக்கம்) குறிப்பிடாமல் சர்வர் பதில் அனுப்பினால் எக்ஸ்ஹெச்ஆர் அதை யூடிஎஃப்-8 (யூனிகோட்) என்றே எடுத்துக்கொள்ளும். பழைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருந்த தளங்கள் அத்தனையும் பல்லிளித்தன. தேடுசொல்லை கெட்டில் அனுப்பினாலும் வம்புதான்: ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8-ல் 3 பைட், யூஆர்எல்லில் சதவீதக் குறியோடு 9 எழுத்து. ஐஈ-யில் யூஆர்எல்லின் எல்லை 2083 எழுத்து. இருநூற்றுச் சொச்சக் குறியீட்டோடு சரி. தரவை முகவரியில் வைக்காமல் தனியே அனுப்பும் போஸ்ட்தான் வழி.

பழஞ்சோறு:
டிஸ்கியைத் திட்டாம உங்களுக்குச் சோறு இறங்காதே. பதிலோட குறியாக்கத்தை மாத்திச் சொல்ற ஓவர்ரைடு மைம்டைப் மெத்தட்ல எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் குடுத்தா பைட் அப்படியே வரும், தெரியுமா?

எழுத்தாணி:
ஃபயர்பாக்ஸில் வரும் ஐயா. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஐஈ 6-ல் அந்த மெத்தடே கிடையாது.

பழஞ்சோறு:
ஐஈ இல்லேன்னா உங்க எக்ஸ்ஹெச்ஆரே கிடையாதும்மா. நன்றி கெட்ட கூட்டம்.

வலைமாறன்:
ஜேக்வெரி இழையிலும் நிரலாண்டி இதே கூத்துதான். நாலு பக்கம் எழுதி ஆளைக் களைக்க வைப்பது. டெவலப்பர் உலகமே அதை அஜாக்ஸ் என்கிறது, இவர் ஒருவர் மட்டும் இமேஜ் டேக், இமேஜ் டேக் என்று ஜபம்.

நிரலாண்டி:
ஜேக்வெரி இழையில் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சந்தேகமிருந்தால் லீஃப்லெட் (வரைபடம் காட்டும் நிரல் நூலகம்) போட்ட ஏதாவதொரு ராஸ்டர் (படத் துண்டுகளாலான) வரைபடத்தைத் திறங்கள். எஃப்12, நெட்வொர்க், ஃபில்டரில் எக்ஸ்ஹெச்ஆர். இழுத்துப் பாருங்கள், ஒரு டைல்கூட அங்கே வராது. ஃபில்டரை இமேஜுக்கு மாற்றுங்கள், கொட்டும். அதே பழைய உத்திதான்.

வலைமாறன்:
மேப்பாக்ஸ் ஜிஎல் என்ற இன்னொரு வரைபட நூலகத்தைத் திறந்து அதே சோதனையைச் செய்யுங்களேன். வெக்டர் டைல் (படமாக அல்லாமல் தரவாக வரும் துண்டு) எல்லாம் எக்ஸ்ஹெச்ஆரின் வாரிசான ஃபெட்ச்சில்தான் வரும். அஜாக்ஸ்!

நிரலாண்டி:
2005-ல் வெக்டர் டைல் எங்கே இருந்தது சார்?

வலைமாறன்:
2005-ல் காரெட் இருந்தார்.

எழுத்தாணி:
டிஸ்கி பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன். பழஞ்சோறு ஐயா, ஐஈ 6-ல் ஓடும் உதாரணக் கோடோடு அங்கே வாருங்கள்.

பழஞ்சோறு:
வர்றேன். மைக்ரோசாஃப்ட்டோட விபிஸ்கிரிப்ட்லயே எழுதிக் காட்டறேன்.

நிரலாண்டி:
இமேஜ் டேக்.