வீட்டுக்காரருக்கு வேறு தொடர்பு, போலீஸில் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: முக்கூடல் பக்கம் ஊர், பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை. அவர் போனில் ஜிபே பார்த்தால் மாதாமாதம் ஒரே பெண்ணுக்குப் பணம் போயிருக்கிறது, கேட்டால் கை நீட்டுகிறார். இரண்டு பேரையும் உள்ளே தள்ள முடியுமா?

பதில் 1: தொடர்புக்காக முடியாது அக்கா. வேறு தொடர்பைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 497-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-லேயே ரத்து செய்துவிட்டது. அது இருந்த காலத்திலும் மனைவி புகார் கொடுக்க வழி கிடையாது, அந்தப் பெண்ணின் கணவன்தான் கொடுக்கணும், நல்ல சட்டம் போங்க! ஆனால் விவாகரத்துக்கு இன்றைக்கும் வேறு தொடர்பு காரணம்தான், இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவு.

பதில் 2: கை நீட்டுகிறார் என்பதை விட்டுவிட்டீர்களே? அதற்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, அடிக்கக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையும் கேட்கலாம். விவாகரத்து வேண்டாம் என்றாலும் ஜீவனாம்சம் உண்டு.

கேட்டவர்: வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே?

பதில் 2: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம், வருமானம் பார்க்க மாட்டார்கள். அப்புறம் அந்த ஜிபே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நகை ரசீதையும் அம்மா வீட்டில் கொடுத்துவிடுங்கள்.