பூட்டியா இங்கிலாந்தில் கிழித்தது என்ன?

கோல்கம்பம்:
ஒரு யூடியூப் அண்ணாத்த "ஐரோப்பாவையே கலக்கிய பாய்ச்சுங் பூட்டியா"ன்னு வீடியோ போட்டிருக்கார். கலக்கினாராம்! நம்ம இந்தியா ஃபுட்பால் ஆளு, 1999-ல இங்கிலாந்துல பரிங்கிற (Bury) கிளப்புக்குப் போய் 2002-ல திரும்பினார். லீக்ல 37 மேட்ச், மூணு கோல். மூணே மூணு. அவர் ஸ்ட்ரைக்கர்ங்க, கோல்கீப்பர் இல்ல.

பழையபந்து:
தம்பி, அப்ப நீ பொறந்திருந்தியா? சிக்கிம்ல இருந்து ஒருத்தன் இங்கிலீஷ் லீக்ல கான்ட்ராக்ட் வாங்கினதே பெரிய விஷயம். கூட்டிட்டுப் போன மேனேஜர் நீல் வார்னாக் அந்த டிசம்பர்லயே ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குக் கிளம்பிட்டார். அப்புறம் முட்டியில அடி. 2002-ல கிளப்பே கடன்ல மூழ்கிடுச்சு. இதெல்லாம் அவன் தப்பா?

கோல்கம்பம்:
அக்டோபர்ல இறங்கின ஆளுக்கு முதல் கோல் விழுந்தது ஏப்ரல்ல, செஸ்டர்ஃபீல்டுக்கு எதிரா. மூணு கோல் அண்ணே.

வியாசர்பாடி_விங்கர்:
அதுவும் இங்கிலீஷ் லீக்ல மூணாவது படியில இருந்த டீம். எங்க ஏரியா பசங்க ஷூ இல்லாமலே அதுக்கு மேல அடிப்பாங்க 😂 இந்தியாவுக்கு ஆடின சுனில் சேத்ரிதான் கெத்து.

பழையபந்து:
வாய்யா வியாசர்பாடி. உன் சேத்ரி 2010-ல அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டி டீமுக்குப் போய் லீக்ல எத்தனை மேட்ச் ஆடினார்? ஒண்ணுகூட இல்ல. 2012-ல போர்ச்சுகல், அதுவும் ஸ்போர்ட்டிங்கோட பி டீம். மூணு மேட்ச். மூணு கோல் இல்லப்பா, மூணு மேட்ச்!

வியாசர்பாடி_விங்கர்:
அதுக்கு முன்னாடியே இங்கிலாந்து கிளப் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கூப்பிட்டாங்க. இந்தியா ஃபிஃபா ரேங்கிங்ல 70-க்குள்ள இல்லேன்னு வொர்க் பெர்மிட் தரல. அத ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?

பழையபந்து:
பூட்டியாவுக்கு முட்டி அடிபட்டா சாக்கு, உங்காளுக்கு பெர்மிட் கிடைக்கலேன்னா நியாயமா? நல்லா இருக்கு.

நடுக்கோடு:
ரெண்டு பேருமே நம்ம இந்தியா கோல்கீப்பர் குர்ப்ரீத்த மறந்துட்டீங்க. நார்வேயில ஸ்டாபேக் டீமுக்காக 2016-ல ஐரோப்பிய கிளப்புகள் மோதுற யூரோப்பா லீக் தகுதிச் சுற்றுல இறங்கினார்.

பழையபந்து:
சலீமை மறந்துட்டோமே, அதச் சொல்லு! 1936-ல கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஆளு. ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோவுல செல்டிக் கிளப் சட்டை போட்டு, வெறுங்கால்ல பேண்டேஜ் சுத்திக்கிட்டு ஆடினான். ஊர் ஞாபகம் வந்து திரும்பலேன்னா வரலாறே வேற.

கோல்கம்பம்:
அது ரிசர்வ் டீம், ரெண்டே மேட்ச். நான் பூட்டியாவப் பத்திக் கேட்டேன், நீங்க 1936-க்கு ஓடுறீங்க.

பழையபந்து:
நான் எங்கயும் ஓடல. மெஸ்ஸி பார்சிலோனாவ விட்டுப் போகவே மாட்டார்னு 2021-ல இங்க சத்தியம் பண்ணிட்டு, அவர் பாரிஸ் சட்டையோட நின்னதும் ஒரு மாசம் ஆளே காணாமப் போனது யாரு?

கோல்கம்பம்:
அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பழையபந்து:
சம்பந்தம் இருக்கு. உன் கணிப்பு லட்சணம் ஊருக்கே தெரியும். நீ போடுற கணக்க எவன் நம்புவான்?

நடுக்கோடு:
அண்ணே, கணக்கு சரியாத்தானே சொல்றாரு...

பழையபந்து:
நீ யார் பக்கம்னு மொதல்ல முடிவு பண்ணிட்டு வா. எல்லா மேட்டர்லயும் கோட்டு மேலயே நிக்காத.

வியாசர்பாடி_விங்கர்:
சேத்ரி இந்தியாவுக்கு 90 கோலுக்கு மேல அடிச்சிருக்கார். சும்மா சொல்லி வைக்கிறேன்.

பழையபந்து:
அது இந்தியாவுக்கு. நாம பேசுறது வெளிநாட்டு கிளப். படிக்கத் தெரியுமா, இல்ல அதையும் ஷூ இல்லாமதான் பண்ணுவீங்களா?

வியாசர்பாடி_விங்கர்:
ஏரியாவ இழுக்காதீங்க பெரியவரே. ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்க, பேசிக்கலாம்.

கோல்கம்பம்:
மூணு கோல்.