கையில் கேனான் எஸ்எக்ஸ்740, விலைக்கு வருவது சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3: பறவை, கல்வெட்டு, அரங்கேற்றம் மூன்றுக்கும் எது?

ஏரிக்கரை:
வணக்கம். வீட்டில் அப்பாவுடைய கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் இருக்கு. வேடந்தாங்கல் பக்கம்தான் ஊர், அதனால சீசன்ல பறவை எடுக்கறேன். கொஞ்ச நாளா கல்வெட்டு, சிற்பம் பைத்தியமும் சேர்ந்துடுச்சு. உத்திரமேரூர், காஞ்சி கைலாசநாதர் கோயில்னு சுத்தறேன்.

பிரச்சினை ரெண்டு. கைலாசநாதர் கோயில் சுற்றுல இருக்கிற சின்னச் சின்ன சன்னதிக்குள்ள எடுத்தா, படம் தண்ணியில நனைஞ்ச ஓவியம் மாதிரி குழைஞ்சு வருது. பறவைப் படமும் போன்ல பார்க்க நல்லா இருக்கு, கம்ப்யூட்டர்ல திறந்தா இறகு ஒண்ணுமே தெரியல. கேமராவுல கோளாறா?

தெரிஞ்சவர் ஒருத்தர் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3ஐ 22,000க்குத் தர்றேங்கறார். கேனானை வித்துட்டு அதை வாங்கலாமா? அடுத்த மாசம் அக்கா பொண்ணு அரங்கேற்றமும் இருக்கு, அதையும் நான்தான் எடுக்கணுமாம்.

நத்தைகுத்தி:
தம்பி, விக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லுங்க. குழைஞ்சு போன கோயில் படம் ஒண்ணு, இறகு தெரியாத பறவைப் படம் ஒண்ணு, ரெண்டுக்கும் ஷட்டர் வேகம் (எவ்வளவு நேரம் வெளிச்சத்தை உள்ளே விட்டுச்சு), ஐஎஸ்ஓ (அந்த வெளிச்சத்தை எவ்வளவு ஏத்திக் காட்டுது), அப்பர்ச்சர் (லென்ஸ் வாசல் அளவு, எஃப்னு இருக்கும், எண் சின்னதானா வாசல் பெருசு) என்ன? கேமராவுலேயே படத்தைத் திறந்து இன்ஃபோ பட்டனை அழுத்தினா வரும். எந்த மோடுல, எத்தனை மணிக்கு எடுத்தீங்கன்னும் சொல்லுங்க.

கைபேசி போதும்:
2014ல வந்த கேமராவுக்கு 22,000 ரூபாயா? அந்தக் காசுக்கு நல்ல போன் வாங்கலாம். நைட் மோடு போட்டா கோயில் இருட்டெல்லாம் தூசு.

ஏரிக்கரை:
அண்ணா, பார்த்தேன். கோயில் படம்: எஃப் 3.3, 1/20 நொடி, ஐஎஸ்ஓ 1600. பறவை (கூழைக்கடா, மரத்து மேல உட்கார்ந்திருந்தது): எஃப் 6.9, 1/250, ஐஎஸ்ஓ 100. காலைல 11 மணி இருக்கும். ரெண்டுமே ஆட்டோ. பறவைப் படத்துல டிஜிட்டல் ஜூம் 1.9னு ஒரு வரி இருக்கு, அது என்னன்னு புரியல.

நத்தைகுத்தி:
அந்த ஒரு வரிலதான் பாதி விடை இருக்கு. உங்க கேமராவோட உண்மையான ஜூம் 40 மடங்கு, 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்குல சொன்னா 24லேருந்து 960 மி.மீ. வரைக்கும். அதுக்கு மேல போனா லென்ஸ் நகராது, நடுவுல இருக்கிற துண்டை வெட்டி ஊதிப் பெருசாக்கிக் காட்டும். 1.9ன்னா படத்துல நாலுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் அதிகம்தான் நிஜம், மிச்சம் ஊகம். மெனுவுல டிஜிட்டல் ஜூமை அணைச்சுடுங்க, திரும்ப அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொரு பாதி ஷட்டர். 960ல கை நடுக்கமும் 40 மடங்கு. உள்ளே அதிர்வைத் தாங்குற ஏற்பாடு இருக்கு, ஆனா அது நம்ம கையைத்தான் பிடிக்கும், பறவையோட தலை அசையறதைப் பிடிக்காது. மேல இருக்கிற சக்கரத்தை டிவி (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கறது) மோடுக்குத் திருப்பி 1/800 வைங்க. நல்ல வெளிச்சத்துல ஐஎஸ்ஓ 400 பக்கம் நிக்கும், அது வரைக்கும் இந்த சென்சார் (படத்தைப் பதியற சில்லு) தாங்கும். பறக்கற பறவைன்னா 1/1000க்கு மேல போங்க. அதுக்கு இந்த கேமரா கொஞ்சம் மந்தம்தான், மறைக்க ஒண்ணுமில்ல.

அப்புறம் 11 மணி. ஏரித் தண்ணிக்கு மேல வெயில் ஏறினதும் காத்து நெளியும். தூரத்து நாரையை எந்தக் கேமராவுல எடுத்தாலும் நெளிஞ்சுதான் வரும், பல லட்ச ரூபாய் லென்ஸ் வச்சிருக்கிறவங்களும் அந்த நேரத்துல டீக்கடையிலதான் இருப்பாங்க. காலைல கேட் திறந்ததும் உள்ளே போய் எட்டரை, ஒன்பதுக்குள்ள முடிச்சிடுங்க. கரைமேல கைப்பிடிச் சுவரோ மரமோ இருந்தா முழங்கையை அதுல ஊன்றிக்கிட்டு, ரெண்டு நொடி டைமர் வச்சு எடுத்துப் பாருங்க. உட்கார்ந்த கரண்டிவாயன் அலகுல இருக்கிற வரி வரைக்கும் தெரியணும். தெரிஞ்சா கேமராவுல கோளாறு இல்ல.

ஜூம் பண்ணி வச்சிருக்கும்போது பறவை பிரேமை விட்டு ஓடிடுச்சுன்னா பிரேமிங் அசிஸ்ட் பட்டனை அழுத்திப் பிடிங்க. லென்ஸ் பின்வாங்கி அகலமாக் காட்டும், பறவையைத் தேடிப் பிடிச்சதும் விட்டா பழைய இடத்துக்கே போயிடும். இந்த பட்டன் இருக்கறதையே நிறைய பேர் பார்க்கிறதில்ல.

கல்லெழுத்து:
கோயில் படத்திற்கு வருகிறேன். இங்கே கேமராவின் எல்லை உண்மையானது. உங்கள் கேனானின் சென்சார் சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. சோனியின் 1 அங்குல வகை 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு. அதோடு அகலக் கோணத்தில் ஒன்று எஃப் 3.3, மற்றது எஃப் 1.8. இரண்டையும் பெருக்கினால் ஒரே ஷட்டர் வேகத்தில் சோனியின் சென்சாருக்குள் விழும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய 14 மடங்கு. நீங்கள் 1/20 நொடியில் ஐஎஸ்ஓ 1600 வைத்த அதே இடத்தில் சோனிக்கு 500 போதும். குழைவு எங்கிருந்து வருகிறது என்றால், சிறிய சென்சாரில் வரும் புள்ளிகளைக் கேமரா தானாகவே வழித்துத் துடைக்கிறது. புள்ளியோடு கல்லின் சொரசொரப்பும் போய்விடுகிறது. எஸ்எக்ஸ்740இல் ரா கோப்பு (கேமரா துடைக்காமல் தரும் மூலப் பதிவு) கிடையாது, ஆகவே பிறகு மீட்கவும் வழியில்லை. சோனியில் ரா உண்டு, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளில் திறந்து வேலை செய்யலாம்.

நைட் மோடு பற்றிச் சொன்ன நண்பருக்கு: அசையாத சிற்பத்திற்கு நீங்கள் சொல்வது சரிதான். பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் முறை அது, நல்ல போனில் நன்றாகவே வரும். ஆனால் எழுத்தை வாசிக்க எடுக்கும்போது அந்த மென்பொருள் கூர்மை ஏற்றுகிறேன் என்று இல்லாத கோடுகளை உண்டாக்குவதைக் கண்டிருக்கிறேன். கல்லில் ஒரு கீறலா, எழுத்தின் காலா என்று மயங்கும் இடத்தில் அது ஆபத்து.

தம்பி, கல்வெட்டைப் பொறுத்தவரை இரண்டு கேமராவுக்கும் முன்னால் வரவேண்டியது வெளிச்சத்தின் திசை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றனவே, நடுப்பகலில் போய் எதிரே நின்று எடுத்தால் வெறும் சாம்பல் சுவர்தான் கிடைக்கும். சுவரை உரசிக்கொண்டு வெயில் சாய்வாக விழும் நேரம் பார்த்துப் போனால் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நிழல் நிரம்பும், போனில் எடுத்தாலும் வாசிக்கலாம். உள்மண்டபமாக இருந்தால் ஒரு நண்பரை டார்ச்சோடு பக்கவாட்டில் நிறுத்துங்கள். முதலில் இடப்பக்கம், பிறகு மேலிருந்து, இரண்டு படம். இடமிருந்து வெளிச்சம் வரும்போது படுக்கைக் கோடுகள் மங்கும், மேலிருந்து வரும்போது நெடுக்குக் கோடுகள் மங்கும், அதனால்தான் இரண்டு. கேமரா பிளாஷ் மட்டும் வேண்டாம். நேராக அடித்து எல்லா நிழலையும் தின்றுவிடும்.

24 மி.மீ.யில் நெருங்கி எடுக்காதீர்கள். ஓரத்து எழுத்துகள் இழுபடும். சற்றுத் தள்ளி நின்று 50 மி.மீ. அளவுக்கு ஜூம் செய்து, கேமரா முதுகு சுவருக்கு இணையாக இருக்கும்படி வரிசை வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுங்கள். சோனியில் கொஞ்சம் ஜூம் செய்தாலே எஃப் 2.8க்கு வந்துவிடும், எழுத்துக்கு எஃப் 4 வைத்தால் ஓரங்களும் கூராக இருக்கும். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும், கையில்தான் எடுக்க வேண்டியிருக்கும். மாவு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது எல்லாம் கூடவே கூடாது.

ஏரிக்கரை:
ஐயா, இவ்வளவு விவரத்துக்கு நன்றி. அப்போ சோனி வாங்கினா அதுலயே பறவையையும் எடுத்து வெட்டிக்கலாமா? அதுவும் 20 மெகாபிக்சல்தானே?

நத்தைகுத்தி:
கணக்குப் போட்டுப் பாருங்க தம்பி. சோனி நிக்கறது 70 மி.மீ.ல. 960க்கு நீங்க வெட்டணும்னா நீளத்துல 13.7 மடங்கு சுருங்கும். 5472 பிக்சல் அகலம் 400 ஆயிடும், உயரம் 266. மொத்தமே ஒரு லட்சம் பிக்சல் சொச்சம். வாட்ஸப் முகப்புப் படத்துக்கு வேணா ஆகும்.

வெளிச்சக் கணக்கும் அந்த முனையில தலைகீழா மாறிடும். கேனான் லென்ஸ் முழு ஜூம்ல நிஜமா 172 மி.மீ., எஃப் 6.9, அப்படின்னா வெளிச்சம் நுழையற வாசல் 25 மி.மீ. அகலம். சோனியில அந்த வாசல் 9 மி.மீ.தான். தூரத்து நாரைகிட்டேருந்து வர்ற வெளிச்சத்தை அதிகமா அள்ளுறது அப்பா கேமராதான். அதை விக்காதீங்க.

லென்ஸ் ராசி:
ரெண்டையும் ஒண்ணுலேயே வேணும்னா அதே வரிசையில 2019ல வந்த மார்க் 7 இருக்கு, 24லேருந்து 200 வரைக்கும். ஆனா லென்ஸ் எஃப் 2.8ல ஆரம்பிச்சு 4.5ல முடியுது, இருட்டுக்கு மார்க் 3 அளவுக்கு வராது. வேடந்தாங்கல்ல 200 பத்தவே பத்தாது. விலையும் எங்கேயோ போயிடும். நடுவுல நிக்கறதுக்கு அவ்வளவு காசு வேண்டாம்னுதான் சொல்வேன்.

பழைய கேமரா வாங்கறதுன்னா கையில எடுத்துப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. ஆன் பண்ணி ஆஃப் பண்ணி லென்ஸ் தயங்காம வெளியே வருதா, மூடற இதழ் ரெண்டும் முழுசா மூடுதா பாருங்க. ஜூமை முன்னும் பின்னும் ஓட்டும்போது கரகரன்னு சத்தம் வரக்கூடாது. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 11ல வச்சு ஒரு படம் எடுத்துப் பெருசாக்குங்க. கரும்புள்ளி இருந்தா சென்சார்ல தூசி, இந்த மாதிரி லென்ஸ் கழட்ட முடியாத கேமராவுல நாமே துடைக்க முடியாது. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிஞ்சா பூஞ்சை, அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. கடற்கரை ஊர்க் கேமராக்கள்ல இது சகஜம்.

மேல எழும்பற வ்யூஃபைண்டரையும் தூக்கி, கண்பக்கத்தை இழுத்துப் பாருங்க. அதைக் கீழே அமுக்கினா இந்த மாடல்ல கேமராவே ஆஃப் ஆகிடும், பயந்துடாதீங்க, அது அப்படித்தான்.

சலங்கை:
அரங்கேற்றத்தைப் பத்தி யாருமே பேசலையே! நான் நடன நிகழ்ச்சிகள் எடுக்கறவள், அதனால சொல்றேன். கேனானை அன்னைக்கு வீட்டுலேயே வச்சிடுங்க. மேடை வெளிச்சத்துல ஆட்டம் உறையணும்னா 1/250 வேணும். கேனானுக்கு ஐஎஸ்ஓ 3200தான் உச்சம், அதுலயும் முகம் மெழுகு மாதிரி ஆகிடும்.

சோனியோட 70 மி.மீ. குட்டைதான், ஆனா நீங்க தாய்மாமன், முன்வரிசையில உங்களுக்கு யாரும் இடம் இல்லேன்னு சொல்லப் போறதில்ல. மேடையிலேருந்து 5 மீட்டர்ல உட்கார்ந்து கேமராவை நிமிர்த்திப் பிடிச்சா சுமார் இரண்டரை மீட்டர் உயரம் அடங்கும். தலையிலேருந்து சலங்கை வரைக்கும் தாராளமா வரும், அரைமண்டியில கையை விரிச்சா மட்டும் பக்கவாட்டுல வெட்டுப்படும், அப்போ படுக்கையாப் பிடிச்சுக்கோங்க.

எஃப் 2.8, 1/250, ஐஎஸ்ஓ 1600லேருந்து ஆரம்பிங்க, ரா கட்டாயம். பட்டனை விடாம தொடர்ச்சியா அழுத்திக்கிட்டே இருக்காதீங்க, மார்க் 3 போகஸ் அவ்வளவு வேகம் கிடையாது, தேட ஆரம்பிச்சா நல்ல நேரத்துல கைவிட்டுடும். ஜதியைக் கேளுங்க. தீர்மானம் (ஜதிக்கோர்வையோட முத்தாய்ப்பு) முடியற இடத்துல பொண்ணு ஒரு கணம் அப்படியே நிப்பா, அதுக்குத் தயாரா பாதி அழுத்தி வச்சுக்கிட்டு இருங்க. பதம், வர்ணத்துல வர்ற அபிநயத்துக்கு 1/125 கூடப் போதும். ஒத்திகைக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்துட்டு வந்தா எங்கே நிப்பாங்கன்னு மனசுல பதிஞ்சிடும்.

படத்துல கருப்புப் பட்டை வந்தா விளக்கு மினுக்கறதாலதான். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். 1/100க்கு இறக்கிப் பாருங்க. சிவப்பு விளக்கு போட்டா பட்டுப்புடவை ஒரே சிவப்புக் குழம்பாகிடும், அந்த நேரம் கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைச்சு எடுங்க. பிளாஷ் மூடியே இருக்கட்டும், போகஸுக்கு எரியற ஆரஞ்சு விளக்கையும் பீப் சத்தத்தையும் மெனுவுல அணைச்சிடுங்க, இல்லேன்னா நட்டுவனார் முறைப்பார். உதிரி பேட்டரி ஒண்ணு வாங்கிக்கோங்க, மார்க்கம் (அரங்கேற்றத்தோட முழு உருப்படி வரிசை) முடிய ரெண்டரை மணி நேரம் ஆகும்.

கைபேசி போதும்:
சரி, அரங்கேற்றத்துக்கு நைட் மோடு வேலைக்காகாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா விலையைக் கொஞ்சம் பேசிக் குறைங்க தம்பி.

ஏரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அப்பா கேமராவை விக்கல. சோனியை எஃப் 11 சோதனையெல்லாம் பண்ணிப் பார்த்தேன், சுத்தமா இருக்கு, பழைய பேட்டரின்னு சொல்லி விலையும் குறைச்சேன். கேனான்ல டிஜிட்டல் ஜூமை அணைச்சு, 1/800 வச்சு காலைல ஏழு மணிக்கே கரையில நின்னேன். கரண்டிவாயன் அலகு வரி தெரியுது! ஆனா நத்தைகுத்தி நாரையோட வெள்ளை முதுகு மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போகுது. இதுக்கு என்ன பண்றது?

நத்தைகுத்தி:
பின்னாடி கரும்பச்சை மரம் இருக்கறதால கேமரா முழுப் படத்தையும் இருட்டுன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்துது. எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) மைனஸ் 2/3க்கு இறக்குங்க, உச்சி வெயில்னா மைனஸ் 1. நீர்க்காகத்துக்கு மாறும்போது மறக்காம பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துடுங்க.